கையின் இழப்பை அளப்பது எப்படி?

அமெரிக்கப் படைகளில் பணியாற்றியபோது ஏற்பட்ட காயமோ நோயோ நிலையான குறையாகத் தங்கிவிட்டால், அதற்காக மாதந்தோறும் வருமான வரி இல்லாத இழப்பீடு வழங்குவது அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறையின் கடமை. குறையின் அளவு 0, 10, 20 எனப் பத்துப் பத்தாக 100 சதவீதம் வரை மதிப்பிடப்படுகிறது. சதவீதம் ஏற ஏற மாதத் தொகையும் ஏறும். இந்த மதிப்பீட்டுக்கான அட்டவணை, கூட்டாட்சி விதித்தொகுப்பின் 38-ஆம் தலைப்பில் 4-ஆம் பகுதியாக உள்ளது. ஒவ்வொரு குறைக்கும் அதில் நான்கு இலக்கக் குறியெண் உண்டு. தனி ஒருவர் எவ்வளவு சம்பளத்தை இழந்தார் என்று அட்டவணை பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட குறை ஒரு மனிதரின் சம்பாதிக்கும் திறனைச் சராசரியாக எவ்வளவு குறைக்கும் என்றே பார்க்கிறது.

இந்த அட்டவணையில் கைக்கும் மணிக்கட்டுக்கும் உரிய விதிகள் மிக நுணுக்கமானவை. எந்தக் கை, எந்த விரல், எந்த மூட்டு, எத்தனை பாகை, எத்தனை அங்குலம் என்று அவை கேட்டுக்கொண்டே போகின்றன. ஒரு கேள்விக்கு விடை பதிவாகாவிட்டாலும் இழப்பீடு குறையலாம். சில சமயம் கிடைக்காமலே போகும். கண்ணெதிரே குறை இருந்தும் மேல்முறையீடு வரை போக நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படைப்பணியில் கைக்கு வரும் கேடுகள்

தடைதாண்டும் பயிற்சியிலோ, பாராசூட்டில் இறங்கும்போதோ, வாகனத்திலிருந்து குதிக்கும்போதோ கீழே விழுபவர் தன்னையறியாமல் கையை நீட்டி ஊன்றுவார். உடலின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். அங்குள்ள எட்டுச் சிற்றெலும்புகளில், கட்டைவிரல் பக்கத்தில் படகு வடிவில் இருக்கும் எலும்பே அதிகம் முறிகிறது. இந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. மருத்துவக் குறிப்பில் ‘சுளுக்கு’ என்று எழுதப்பட்டு, வீரர் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் பணிக்குத் திரும்பிவிடுவார். இந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. அதனால் முறிவு கூடாமல் போகலாம். எலும்பின் ஒரு பகுதி உயிரற்றுப் போகலாம். பல ஆண்டுகள் கழித்து அதே மணிக்கட்டில் மூட்டுவாதம் தலைகாட்டும். அப்போது கையில் இருக்கும் ஒரே சான்று, ‘சுளுக்கு’ என்ற அந்தப் பழைய ஒற்றைச் சொல்தான்.

அடுத்தது கார்ப்பல் டனல் பாதிப்பு. மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த தசைநாருக்கும் நடுவே உள்ள குறுகிய வழியில் மீடியன் நரம்பு செல்கிறது. அந்த வழி இறுகினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போகும். இரவில் வலி எழுப்பிவிடும். பிடித்த பொருள் நழுவும். அதிரும் கருவிகளோடு நாள் முழுவதும் வேலை செய்தவர்களுக்கும், கையை ஒரே விதமாக வளைத்து உழைத்தவர்களுக்கும் இது வரலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் வரும்.

கடுங்குளிர் இன்னொரு காரணம். 1950 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் போரிட்டவர்களில் ஏராளமானோருக்குக் கைகால் விரல்கள் உறைந்தன. அந்தப் பாதிப்பின் வலியும் மரப்பும் முதுமை வரை தொடரக்கூடும். இதற்கு 7122 என்ற தனிக் குறியெண் உள்ளது. ஒவ்வொரு கையும் தனித்தனியாக 30 சதவீதம் வரை மதிப்பிடப்படும். இவை தவிர குண்டுச் சிதறல் காயங்கள், தீக்காயம், விரல் துண்டிப்பு, மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொள்ளும் தசைநாண் கோளாறு எனப் பலவும் விண்ணப்பங்களில் இடம்பெறுகின்றன.

பணிக்கும் குறைக்கும் உள்ள தொடர்பு

எவ்வளவு குறை என்ற கேள்விக்கு முன்பாக, குறை பணியால் வந்ததா என்ற கேள்வி வருகிறது. இதற்கு மூன்று சான்றுகள் வேண்டும்: இப்போது குறை இருப்பது; பணிக்காலத்தில் ஒரு காயமோ நோயோ நிகழ்வோ இருந்தது; இரண்டையும் இணைக்கும் காரணத் தொடர்பு. மூன்றாவதில் மணிக்கட்டு விண்ணப்பங்கள் சறுக்குவது உண்டு.

தொடர்பைக் காட்டப் பெரும்பாலும் மருத்துவக் கருத்து தேவை. மருத்துவர் உறுதியாக அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. பணியால் வந்திருக்கும் வாய்ப்பு, வராதிருக்கும் வாய்ப்புக்குச் சமமாகவாவது இருக்கிறது என்றால் போதும். இரு பக்கச் சான்றுகளும் ஏறக்குறையச் சரிசமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் விண்ணப்பதாரருக்கே உரியது என்று சட்டம் கூறுகிறது. ஆனால் வெறும் முடிவை மட்டும் சொல்லும் கருத்துக்கு மதிப்பில்லை. முதலில் சுளுக்கு எனப்பட்டது முறிவாக இருந்திருக்கக்கூடும், அதன் பின்விளைவே இந்த மூட்டுவாதம் என்று காரணத்தோடு விளக்கும் ஒரு பத்தி, காரணமே இல்லாத பத்து வரிச் சான்றிதழைவிட வலிமையானது.

நேரடித் தொடர்பு இல்லாமலும் வழிகள் உண்டு. பணியிலிருந்து விலகிய ஓராண்டுக்குள் மூட்டுவாதம் 10 சதவீத அளவுக்கு வெளிப்பட்டால், அது பணியால் வந்ததென்றே பொதுவாகக் கொள்ளப்படும். ஏற்கெனவே ஏற்கப்பட்ட ஒரு குறை இன்னொன்றை உண்டாக்கினாலோ மோசமாக்கினாலோ, அதற்கும் இழப்பீடு உண்டு. வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்ச் களைக்கொல்லிக்கு ஆளானவர்களின் இரண்டாம் வகை நீரிழிவு பணியால் வந்ததாகக் கருதப்படுகிறது. அந்த நீரிழிவால் கை நரம்புகள் கெட்டால் அதுவும் கணக்கில் சேரும்.

பழைய ஆவணம் கிடைக்காததும் பெரிய தடையாக இருந்திருக்கிறது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரின் தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் பிடித்த தீயில் ஏறத்தாழ 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான படைக் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் போயிற்று. இத்தகைய நிலையில் மாற்றுச் சான்றுகளைத் தேடித்தர உதவும் பொறுப்பு நலத்துறைக்குக் கூடுதலாக உண்டு. போர்க்களத்தில் காயம்பட்டதாகச் சொல்பவரின் கூற்று அவரது பணிச் சூழலோடு பொருந்தினால், ஆவணம் இல்லாவிட்டாலும் அந்தக் காயம் நிகழ்ந்ததாக ஏற்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உடன் பணியாற்றியவர், மனைவி, பிள்ளைகள் கண்ணால் கண்டதை எழுதித்தரும் சாட்சியமும் செல்லும்.

பாகையும் அங்குலமும்

தொடர்பு ஏற்கப்பட்டபின் அளவு தொடங்குகிறது. மணிக்கட்டு புறங்கைப் பக்கம் 70 பாகையும், உள்ளங்கைப் பக்கம் 80 பாகையும், சுண்டுவிரல் பக்கம் 45 பாகையும், கட்டைவிரல் பக்கம் 20 பாகையும் வளைவதை அட்டவணை இயல்பு எனக் கொள்கிறது. பரிசோதனையில் இதைக் கோணமானி வைத்து அளக்க வேண்டும். கண்ணால் மதிப்பிட்டு எழுதக் கூடாது.

5215 என்ற குறியெண்ணின்படி, புறங்கைப் பக்க வளைவு 15 பாகைக்கும் குறைந்தாலோ, உள்ளங்கைப் பக்க வளைவு முன்கையின் நேர்க்கோட்டோடு நின்றுவிட்டாலோ 10 சதவீதம். அசைவுக் குறைவுக்கு அதற்கு மேல் கிடையாது. மூட்டு முழுவதும் இறுகி அசைவற்றுப் போனால் 5214 பொருந்தும். பயன்பாட்டுக்கு ஏற்ற நிலையில், அதாவது புறங்கைப் பக்கம் 20 முதல் 30 பாகை வளைந்து இறுகியிருந்தால், பழகிய கைக்கு, அதாவது வழக்கமாகப் பயன்படுத்தும் கைக்கு 30, மற்றக் கைக்கு 20 சதவீதம். உள்ளங்கைப் பக்கம் வளைந்தோ பக்கவாட்டில் திரும்பியோ இறுகினால் 50, 40 சதவீதம். அசையும் மணிக்கட்டுக்கும் அசையாத மணிக்கட்டுக்கும் இடையே இப்படி ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. கை மிகச் சிறிதே அசைகிறது, ஆனால் முற்றிலும் இறுகவில்லை என்பவர் அந்தப் பள்ளத்தில்தான் நிற்கிறார்.

விரல்களுக்கு அங்குலக் கணக்கு. கட்டைவிரலை மற்ற விரல்களை நோக்கி மடக்கும்போது 1 முதல் 2 அங்குலம் இடைவெளி மிஞ்சினால் 10, இரண்டு அங்குலத்துக்கு மேல் என்றால் 20 சதவீதம். ஆள்காட்டி விரலோ நடுவிரலோ மடக்கியபின் அதன் நுனிக்கும் உள்ளங்கை ரேகைக்கும் இடையே ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இடைவெளி இருந்தாலும், நீட்டுவது 30 பாகைக்கு மேல் தடைப்பட்டாலும் 10 சதவீதம். மோதிர விரலும் சுண்டுவிரலும் எவ்வளவு அசைவை இழந்தாலும் தனியாக 0 சதவீதமே. 0 என்பது நிராகரிப்பு அல்ல: குறை பணியால் வந்தது என்ற ஏற்பு அதில் இருக்கிறது. பின்னர் நிலை மோசமானால் அங்கிருந்தே உயர்த்தக் கோரலாம்.

பழகிய கை எது?

ஒரே குறைக்குப் பழகிய கையில் கூடுதல் சதவீதம் கிடைப்பது அட்டவணையில் பல இடங்களில் வருகிறது. கையை முழுவதும் இழந்தாலோ, அதன் பயனை முழுவதும் இழந்தாலோ பழகிய கைக்கு 70, மற்றதற்கு 60 சதவீதம். இதற்குமேல் ஒரு சிறப்பு மாதத் தொகையும் சேரும். பயனிழப்பு என்றால் கை துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பற்றுவதும் கையாள்வதும் செயற்கைக் கையால் செய்யும் அளவுக்கே இருக்கிறது என்றால் அதுவே பயனிழப்பு. இரு கைகளையும் சமமாகப் பயன்படுத்துபவருக்குக் காயம்பட்ட கையே பழகிய கையாகக் கொள்ளப்படும். இரண்டிலும் காயம் என்றால் அதிகம் பாதிக்கப்பட்ட கை.

பழகிய கையை இழப்பதன் பொருளை அமெரிக்கா உள்நாட்டுப் போரிலேயே கண்டது. 1865-ல் வில்லியம் ஓலண்ட் போர்ன் என்ற பத்திரிகை ஆசிரியர், வலக்கையை இழந்த வடபகுதி வீரர்களுக்காக இடக்கையால் எழுதும் போட்டி ஒன்றை அறிவித்தார். எழுத்தர் வேலைக்காவது தாங்கள் தகுதியானவர்கள் என்பதை வீரர்கள் காட்ட அது வழி செய்தது. அவர்கள் பழகிப் பழகி எழுதிய தாள்கள் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன.

நரம்பு, வலி, இரு கைகள்

கார்ப்பல் டனல் பாதிப்பு பொதுவாக மூட்டுக் குறியெண்களில் வராது. மீடியன் நரம்புக்கான 8515-ல் மதிப்பிடப்படும். லேசான பாதிப்பு இரு கைகளிலும் 10 சதவீதம். நடுத்தரம் என்றால் பழகிய கைக்கு 30, மற்றதற்கு 20. கடுமை என்றால் 50, 40. முழுச் செயலிழப்புக்கு 70, 60. உணர்ச்சி மட்டும் கெட்டு தசை வலு குறையாவிட்டால், நடுத்தரத்துக்கு மேல் போகாது. ஆகவே கட்டைவிரல் அடிச்சதை மெலிந்திருக்கிறதா, பிடி வலு குறைந்திருக்கிறதா என்பது குறிப்பில் இருப்பது முக்கியம். மூட்டு அசைவும் நரம்பு மரப்பும் வெவ்வேறு குறைகளாதலால் இரண்டுக்கும் தனித்தனிச் சதவீதம் பெற முடியும்; ஒரே தொல்லையை இரு பெயரில் எண்ணுவதற்குத்தான் தடை.

வலியைக் கோணமானி காட்டாது. அளவையின் இந்தப் போதாமையை நீதிமன்றத் தீர்ப்புகள் படிப்படியாக ஈடுசெய்தன. 1995-ல் டிலூக்கா வழக்கில், வலி, சோர்வு, வலுவின்மை ஆகியவற்றால் மூட்டு மேலும் எவ்வளவு செயலிழக்கிறது என்று பரிசோதகர் சொல்ல வேண்டும் எனத் தீர்ப்பானது. நோய் தீவிரமாகும் நாளில் பரிசோதனை நடக்கவில்லை என்பதற்காகப் பரிசோதகர் கருத்துச் சொல்லாமல் விடக் கூடாது, நோயாளியிடம் கேட்டாவது மதிப்பிட வேண்டும் என்று 2017-ல் ஷார்ப் வழக்கு சொன்னது. நோய்ப்பெயர் எதுவும் சூட்டப்படாத வலியும் செயலைக் குறைக்குமானால் அது குறையே என்று 2018-ல் சாண்டர்ஸ் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. வலியோடு அசையும் மூட்டுக்கு, அதற்குரிய குறியெண்ணின் குறைந்தபட்ச இழப்பீடாவது தரப்பட வேண்டும் என்ற விதியும் உள்ளது.

ஆனால் அதற்கும் எல்லைகள் உண்டு. அசைவுக் குறைவுக்கான உச்சமான 10 சதவீதத்தை ஏற்கெனவே பெறும் மணிக்கட்டுக்கு, வலியைக் காட்டி மேலே போக முடியாது என்று 1997-ல் ஜான்ஸ்டன் வழக்கு கூறியது. மோதிர விரலுக்கு அட்டவணையில் 0-வைத் தவிர வேறு விகிதமே இல்லாததால், வலிக்கான குறைந்தபட்ச இழப்பீடும் அதற்குப் பொருந்தாது என்று 2016-ல் சோவர்ஸ் வழக்கில் முடிவானது. இப்படிப்பட்டவர்களுக்குத் திறந்திருப்பது பெரும்பாலும் பக்கத்துக் கதவு: நரம்பு, தழும்பு, மூட்டு இறுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தனியாக இருக்கிறதா என்று பார்ப்பது.

இரு கைகளும் பாதிக்கப்பட்டால் ஒரு சிறப்புக் கூட்டல் வருகிறது. உதாரணமாக, நரம்பு பாதிப்பால் வலக்கைக்கு 30, இடக்கைக்கு 20 சதவீதம் என்று கொள்ளலாம். இரண்டையும் நேராகக் கூட்டுவதில்லை. நூறில் 30 போக மிச்சம் 70, அதில் 20 சதவீதம் 14, ஆக 44. இரு கைகளிலும் குறை இருப்பதால் 44-ல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4.4, சேர்க்கப்பட்டு 48.4 ஆகும். அருகிலுள்ள பத்துக்கு மாற்றினால் 50. இந்தக் கூட்டல் விடுபட்டால் 40-தான் கிடைக்கும். முடிவுக் கடிதத்தில் சரிபார்க்க வேண்டிய முதல் கணக்கு இது.

மேல்முறையீட்டின் பாதைகள்

1933-ல் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியம் அமைந்தது. அதன் முடிவே நெடுங்காலம் இறுதியானதாக இருந்தது. பொதுவாக நீதிமன்றம் போக வழி இருக்கவில்லை. வழக்கறிஞர் பெறக்கூடிய கட்டணத்துக்கு 1864-ல் விதிக்கப்பட்ட 10 டாலர் உச்சவரம்பும் மாறாமல் நின்றதால், வழக்கறிஞர் துணையும் அரிதாயிற்று. 1988-ல் வந்த சட்டம் இரண்டையும் மாற்றி, இத்தகைய வழக்குகளுக்கென்றே ஒரு தனி நீதிமன்றத்தை உருவாக்கியது.

2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த மேல்முறையீட்டுச் சீர்திருத்தச் சட்டம் மூன்று பாதைகளைத் தருகிறது. முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் ஒன்றைத் தேர்ந்தால், வெற்றி கிடைக்கும்போது பொதுவாக முதல் விண்ணப்பத் தேதியிலிருந்தே நிலுவை கிடைக்கும்.

முதல் பாதை மேல்நிலை மறுபரிசீலனை. அனுபவமுள்ள வேறோர் அதிகாரி அதே கோப்பை மீண்டும் பார்ப்பார். புதிய சான்று சேர்க்க முடியாது. தொலைபேசியில் ஒருமுறை பேசிப் பிழையைச் சுட்டிக்காட்டலாம். இரு கைக் கூட்டல் விடுபட்டது, பழகிய கையை மாற்றிப் பதிந்தது, கோணமானி இல்லாமல் அளந்தது போன்ற பிழைகள் கோப்பிலேயே தெரிந்தால் இது பொருத்தம்.

இரண்டாவது பாதை துணை விண்ணப்பம். புதிய, தொடர்புள்ள சான்று வேண்டும். மருத்துவத் தொடர்பை விளக்கும் கருத்தோ, நரம்புக் கடத்தல் பரிசோதனை முடிவோ முன்பு இல்லாமல் இப்போது கிடைத்திருந்தால் இதுவே வழி. கார்ப்பல் டனல் வழக்குகளில் இத்தகைய சான்று இல்லாமல் போவது உண்டு.

மூன்றாவது பாதை வாரியம். அங்கே முன்னாள் படைவீரர் சட்ட நீதிபதி ஒருவர் முடிவு செய்வார். கோப்பை மட்டும் பார்க்கச் சொல்லலாம். 90 நாட்களுக்குள் சான்று சேர்க்கலாம். அல்லது நேர்விசாரணை கேட்கலாம். சட்ட விதியைப் பொருத்தியதில்தான் தகராறு என்றால் இந்தப் பாதை உதவும்.

வாரியமும் மறுத்தால், 120 நாட்களுக்குள் முன்னாள் படைவீரர் உரிமை மேல்முறையீட்டு நீதிமன்றம். அது புதிய சான்று ஏற்பதில்லை; வாரியம் காரணங்களைப் போதுமான அளவு எழுதியதா, விதியைச் சரியாகப் பொருத்தியதா என்று பார்த்து, தவறு இருந்தால் திருப்பி அனுப்பும். அதற்கு மேலே கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம். அங்கு பெரும்பாலும் சட்டக் கேள்விகள் மட்டுமே.

உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க ஊனமுற்ற படைவீரர் சங்கம், அமெரிக்கன் லீஜன் போன்ற அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் கட்டணமின்றி வாதாடுகிறார்கள். வழக்கறிஞர் முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நலத்துறையின் முதல் முடிவு வந்தபின் வாங்கலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமானதாகக் கருதப்படும்.

எழுதி வைக்க வேண்டியவை

எந்தப் பாதையில் போனாலும் தீர்மானிப்பது பதிவுதான். பரிசோதனைக்குப் போகும் நாளில் கை ஓரளவு நன்றாக இருக்கலாம். அன்று அளந்த பாகையே கோப்பில் நிற்கும். வலி தீவிரமாகும் நாட்கள் மாதத்துக்கு எத்தனை, எவ்வளவு நேரம் நீடிக்கின்றன, அப்போது எது முடியாமல் போகிறது என்பதைத் தேதியிட்டுக் குறித்து வைப்பது அதனால்தான் தேவை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கார்ச் சாவியைத் திருப்ப இடக்கை வேண்டியிருக்கிறது, காப்பிக் கோப்பை வாரத்தில் இருமுறை நழுவுகிறது என்பவை எளிய வாக்கியங்கள். ஆனால் ‘நடுத்தரம்’ என்றும் ‘கடுமை’ என்றும் விதி பயன்படுத்தும் சொற்களுக்குப் பொருள் தருபவை இவையே. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால், குணமடைய ஒரு மாதமாவது ஆகும் நிலையில் அந்தக் காலத்துக்குத் தற்காலிகமாக 100 சதவீதம் கேட்கலாம். இரு கைக் குறைகளால் எந்த வேலையிலும் நிலைக்க முடியாதவருக்கு, வேலை செய்ய இயலாமை அடிப்படையில் 100 சதவீத அளவு இழப்பீடு பெற வழி உண்டு. அந்தக் கணக்கில் இரு கைகளின் குறைகளும் ஒரே குறையாக எண்ணப்படுகின்றன.

விண்ணப்பிக்க உத்தேசம் இருப்பதை முன்கூட்டியே நலத்துறையிடம் பதிவு செய்தால், சான்றுகளைத் திரட்ட ஓராண்டு அவகாசம் கிடைக்கும். ஏற்பு வரும்போது பணமும் பதிவு செய்த தேதியிலிருந்தே கணக்கிடப்படும்.